லைட்டைப் போட்டு ஹார்னை அமுக்கவும்

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். கொட்டகையில் நிற்கும் மூன்றாவது ஆளுக்குத்தான் உடம்பு சரியில்லை. முந்தாநாள் போனில் அதைப் பற்றி ஆரம்பித்தேன். "போன்ல வேணாம்ப்பா, பாதிய முழுங்கிடுவீங்க, எழுதுங்க"ன்னு வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவனின் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

நம் பழைய காரைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனேன். முன்பு இருந்த அதிகாரி டயரை ஒரு உதை உதைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இப்போது புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார். உள்ளே ஏறி உட்கார்ந்தார். லைட்டைப் போட்டார், வைப்பரைப் போட்டார், அப்புறம் ஹார்னை அமுக்கினார். இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, இது ஹார்னா, விக்கலா?" பின்னால் வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் என் காது சூடாகிவிட்டது. "லைட்டும் அணையப்போற அடுப்பு மாதிரி இருக்கு. ரெண்டையும் சரி பண்ணிட்டு வாங்க"ன்னு ஒன்றரை மாதம் தவணை கொடுத்து அனுப்பிவிட்டார்.

நம் தெரு எலெக்ட்ரீஷியனிடம் விட மனமில்லை. போன தடவை எங்கள் மிக்ஸியைப் பழுது பார்த்தான், இன்றுவரை அது பின்பக்கமாகச் சுற்றுகிறது. நீயோ இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டையே பழுது பார்த்து ஏற்றி இறக்குகிறவள். தரையில் நிற்கிற வண்டி உனக்கு எம்மாத்திரம்?

இந்த வண்டியைப் பற்றி உன்னிடம் கேட்க எனக்கு வாய் இருக்கக் கூடாது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

அம்மா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள். இப்போது வீட்டில் உள்ள தூசியெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, அதில் என்னையும் சேர்த்துவிட்டாள். வேளா வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
விக்கல் வண்டியின் ஓனர்


பிப்ரவரி 18

அன்புள்ள அப்பா,

அந்த வண்டியை நான் மறக்கவில்லை. பதினோரு வருடமாக நான் ஸ்டியரிங் முன்னால் உட்காரவில்லை. பறித்த லைசென்ஸை ஆறு மாதம் கழித்துத் திருப்பித் தருகிறோம் என்றார்கள், நான் போய் வாங்கவே இல்லை. தபால்கார மாமா சைக்கிளோடு என் வண்டிக்கு முன்னால் விழுந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் மங்கல் லைட்டோடு நீங்கள் ரோட்டில் போவது அதைவிடப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வோல்ட் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்குங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு அதன் இரண்டு கம்பிகளையும் பேட்டரியின் இரண்டு முனைகளில் வையுங்கள். பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் காட்டினால் பேட்டரி மேல் தப்பில்லை. அடுத்து, லைட்டை அணைத்துவிட்டு ஹார்னை அமுக்குங்கள். பிறகு லைட்டைப் போட்டு ஹார்னை அமுக்குங்கள். இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா? இதுதான் முக்கியம். கடைசியாக, இந்தக் கோளாறு எப்போதிலிருந்து இருக்கிறது?

நான்குக்கும் பதில் எழுதுங்கள். கதை வேண்டாம்.

அம்மாவின் கண்ணாடிக்கு என் வாழ்த்து. உங்கள் தூசி எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

மகள்


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

மீட்டர் வாங்கிவிட்டேன். முதலில் வைத்ததும் மைனஸ் காட்டியது. என் பள்ளிக்கூடத்துக் கணக்கு மார்க் மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், கம்பியை மாற்றி வைத்திருக்கிறேன். சரியாக வைத்ததும் பன்னிரண்டு புள்ளி ஆறு. அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "டாக்டர் ஐயா, நாடி பாத்து முடிஞ்சுதா? சோறு ஆறுது" என்றாள்.

லைட்டின் கண்ணாடியைத் துடைத்தேன். பல்பைக் கழற்றி மாட்டினேன். ஃபியூஸ் ஒவ்வொன்றையும் எடுத்து ஊதிப் பார்த்தேன். ஹார்ன் சுமாராகக் கத்துகிறது. எப்போதிலிருந்து என்று கேட்டிருந்தாய். கிழட்டு வண்டி, இதற்கெல்லாம் நாள் குறித்தா வைத்திருக்கிறேன்?

போன கடிதத்துக்குத் தபால்தலை வாங்கக் கவுண்டருக்குப் போயிருந்தேன். கால் முறிந்ததிலிருந்து நம் தபால்காரரை அங்கேதானே உட்கார வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் நின்றாலும் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்துவிடுவார். "பொண்ணுக்கா? கொண்டாங்க, நானே ஒட்டுறேன். நல்லா இருக்குதா? அது வந்தா என்னை வந்து பாக்கச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் கோபமில்ல." வருடக்கணக்காக இதே பேச்சுதான். நான் தலையை ஆட்டிக்கொண்டே சுவரில் தொங்கும் பின்கோடு பட்டியலைப் படிப்பேன். பாதி நாட்டின் பின்கோடு எனக்கு மனப்பாடம்.

சீக்கிரம் வழி சொல். தவணை முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது.

உன் அப்பா


மார்ச் 12

அன்புள்ள அப்பா,

நான்கு கேட்டேன், ஒன்றரைக்குப் பதில் வந்திருக்கிறது. லைட்டைப் போட்டு ஹார்னை அமுக்கினீர்களா, இல்லையா? "சுமார்" என்று ஒரு அளவு எந்த மீட்டரிலும் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இப்படி எழுதிக் கொடுத்தால் நான் தாளைத் திருப்பி வீசிவிடுவேன். நீங்கள் என் அப்பாவாகப் போய்விட்டீர்கள்.

எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம். பேட்டரியிலிருந்து கரண்ட் கம்பி வழியாக லைட்டுக்குப் போகிறது. திரும்பி வரத் தனிக் கம்பி கிடையாது, வண்டியின் தகரம்தான் வழி. அந்தத் தகரத்தையும் பேட்டரியின் மைனஸ் முனையையும் ஒரு பின்னல் பட்டை இணைக்கும். அதைத்தான் எர்த் பட்டை என்கிறோம். அது தகரத்தோடு சரியாக ஒட்டாவிட்டால் வழி குறுகிப்போகும். ஹார்ன் மட்டும் என்றால் எப்படியோ நுழைந்து வந்துவிடும். லைட், வைப்பர், ஹார்ன் எல்லாம் ஒன்றாக வந்தால், சினிமா விட்டதும் ஒற்றைக் கதவில் கூட்டம் முட்டுகிற கதைதான். அப்போது ஹார்னுக்குச் சத்தமே வராது.

லைட்டைப் போடுங்கள். மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், இன்னொன்றை லைட்டுக்குப் பக்கத்தில் சுரண்டிவிட்ட தகரத்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். கூட இருந்தால், பேட்டரி முனையிலிருந்து கம்பியை எடுத்துவிட்டு, பட்டையின் போல்ட்டைக் கழற்றி அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, மறுபடி இறுக்குங்கள். என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

தபால்கார மாமாவிடம் என்னால் என்ன சொல்ல முடியும்? நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

மகள்


மார்ச் 24

அன்பு மகளுக்கு,

நீ டாக்டர்! இரண்டு புள்ளி ஒன்பது காட்டியது. போல்ட்டைக் கழற்றினேன். அடியில் எல்லாம் துரு. வயசான வண்டி, வேறென்ன இருக்கும்? சுரண்டி, துடைத்து, இறுக்கினேன். லைட்டைப் போட்டதும் எதிர்ச் சுவரில் இருக்கிற விரிசல் எல்லாம் தெரிகிறது. ஹார்னை அமுக்கினேன், ரொட்டிக் கடைக்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார். "பதினஞ்சு நாள் முன்னாடி சொல்லியிருந்தா நெஞ்சு வலி மாத்திரை வாங்கி வச்சிருப்பேனே" என்கிறார்.

சோதனையிலும் பாஸ். அந்த அம்மா எல்லாவற்றையும் போட்டு அமுக்கிப் பார்த்துவிட்டு, "விக்கல் நின்னுடுச்சே, யார் பாத்தது?" என்றார். என் மகள் என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

ஆக, வேலை முடிந்தது. இனி இந்த வண்டிப் பேச்சை விட்டுவிடுவோம். அங்கே குளிர் எப்படி? அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். கை ஒன்று நீளமாக இருந்தால் புதுக் கண்ணாடியைத்தான் குறை சொல்ல வேண்டும்.

உன் அப்பா


ஏப்ரல் 5

அன்புள்ள அப்பா,

கடிதத்தைப் படித்துச் சிரித்ததில், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் கையால் ஒரு வண்டி சரியானது என்றால் நான் நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பேச்சை விட்டுவிடுவோம் என்கிறீர்கள். விடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தை எழுதும்போது என் புத்தி ஒரு நிமிடம் வேறு பக்கம் போயிற்று. மாமா விழுந்த அன்றைக்கு மழைத் தூறல், லைட்டும் வைப்பரும் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவேளை அப்போதே எர்த் கெட்டிருந்தால் என்று தோன்றியது. அப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் நீங்கள் ஹார்னை அமுக்கிக் காட்டினீர்களே, தெருவே கேட்கும்படி கத்தியதே. ஒரு மனுஷன் காலை உடைத்துவிட்டு, பழியைத் தூக்கிப் பட்டை மேல் போடப் பார்க்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. மனதுக்குள்தான் என்றாலும், உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துவிடுங்கள் அப்பா.

பயத்தில் என் கை அமுக்கவே இல்லை. அமுக்கியதாக நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இன்றைக்கும் வேலையில் எந்தச் சுவிட்சை அணைத்தாலும் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறேன். என் கையை நான் நம்புவதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் என்னை "ரெட்டைப் பார்வை" என்று கூப்பிடுகிறார்கள். அதனால் இதுவரை எங்கள் குழுவில் ஒருவருக்கும் அடிபட்டதில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஸ்வெட்டர் எப்படி இருந்தாலும் போட்டுக்கொள்வேன்.

மகள்


ஏப்ரல் 16

அம்மாடி,

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் மேஜை மேல் இருக்கிறது. அதை மடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

துரு இல்லை. பெயிண்ட்.

நீ லைசென்ஸ் வாங்கியதும் நான்கு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து வண்டிக்குப் பாலாடை நிறம் அடித்தேனே, அந்தப் பெயிண்ட். சுத்தமாக அடிக்க வேண்டும் என்று எர்த் பட்டையைக் கழற்றி, அதன் அடியில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் அதன் மேலேயே முடுக்கியிருக்கிறேன். லைட்டைத் தாங்கும் தகடு, ஹார்னைத் தாங்கும் தகடு, ஒன்றையும் விடவில்லை. வேலை தெரியாதவன் எல்லா இடத்திலும் அடிப்பான். அது தெரியாமல் செய்தது. இனி எழுதப்போவது தெரிந்து செய்தது.

அந்தச் சாயங்காலத்துக்கு ஒரு வாரம் முன்னால், தூறலில் நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே வந்தார்கள். ஹார்னை அமுக்கினேன், விக்கல்தான் வந்தது. லைட்டை அணைத்துவிட்டு அமுக்கினேன், கத்தியது. மெதுவாகப் போனதால் ஒன்றும் ஆகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். நீயும் சொன்னாய், "அப்பா, லைட் மங்கலா இருக்கு, ஹார்னும் இழுக்குது". நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசானவங்க மெதுவாத்தான் பேசுவாங்க" என்றேன். நீ சிரித்தாய். என் ஜோக்கிலேயே மோசமானது அதுதான்.

அன்றைக்கு அம்மாவை ரயிலடியிலிருந்து கூட்டி வர வேண்டியவன் நான். ரேடியோவில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. காலை நீட்டிக்கொண்டு, "நீ போயிட்டு வாம்மா"ன்னு சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை நம் வீட்டு வாசலில் வண்டி நின்றது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார். நீ, "நான் அமுக்கினேன் சார், சத்தம் வரல" என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, "ஹார்ன் வேலை செய்யுதா?" என்றார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டேன். விரல் முதலில் லைட் சுவிட்சுக்குத்தான் போனது. அதைத் தொட்டது. தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. லைட்டைப் போடாமலே ஹார்னை அமுக்கினேன். தெருவே கேட்டது. "நல்லாத்தான் சார் இருக்கு" என்றேன்.

வண்டி என் பேரில் இருந்தது. பழுதென்று தெரிந்தே கொடுத்தேன் என்றால் கோர்ட்டில் நிற்க வேண்டியவன் நான். நீ சின்னப் பெண், எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். நிமிர்ந்தபோது நீ உன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

நீ அமுக்கினாய் அம்மா. உன் கையில் எந்தத் தப்பும் இல்லை. பயத்தில் விறைத்துப் போனது உன் கை இல்லை, என் கைதான்.

இந்தக் கடிதத்தைக் கவுண்டரில் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. தெருமுனைப் பெட்டியில் போடுகிறேன்.

அப்பா


மே 10

அம்மாடி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எழுது என்று கேட்கவும் மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பின்னிக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்திவிட்டு, "அவ கையத்தானேங்க நானும் திட்டினேன்" என்றாள். பின்னலைச் சுருட்டி வைத்தாள். மூன்று நாள் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான்காம் நாள், "தபால்காரர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

வரிசையில் என் பின்னால் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உன் மேல் பழி விழுந்தது பத்துப் பேர் முன்னால். அதனால் அங்கேயே சொன்னேன். அவர் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார்.

"சத்தம் வரலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "வந்திருந்தா ஒதுங்கியிருப்பேன். பொண்ணு பயந்துடுச்சுன்னு நீங்கல்லாம் சொன்னீங்க, நானும் நம்பிட்டேன். கோபமில்ல, கோபமில்லன்னு இத்தனை வருஷமா அந்தப் பொண்ணுக்குச் சொல்லி அனுப்பினேன். அதுக்கு எதுக்குங்க என் மன்னிப்பு? நீங்க அதையும் கேட்டுத் தலைய ஆட்டிட்டுத்தானே நின்னீங்க?"

அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

இன்றைக்கும் தபால்தலைக்குப் போனேன். கொடுத்தார். ஒட்டித் தரவில்லை.

அப்பா


மே 22

அப்பா,

உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த அன்று லிஃப்ட்டின் மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நீ அமுக்கினாய்" என்ற வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அழுதேன், அது சந்தோஷத்தில். அப்புறம் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

பெயிண்டுக்குக் கோபமில்லை. மேட்சுக்கும் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டது எல்லோரும் செய்கிற தப்பு. உங்கள் விரல் லைட் சுவிட்சைத் தொட்டுவிட்டுத் திரும்பியதே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. அதற்கப்புறம் எத்தனை நாள் இருந்தது அப்பா? நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று ரயிலில் என் பெட்டியை ஏற்றி வைத்தீர்கள். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு வாசலில் நின்றது பத்துப் பேர் இல்லை. உங்களையும் போலீஸ்காரரையும் விட்டுவிட்டால் ஆறு பேர். எனக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். "பொண்ணு கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்"னு சொன்ன பெரியப்பா. அதைக் கேட்டுத் தலையாட்டிய ரொட்டிக் கடைக்காரர். மாடி வீட்டு டீச்சர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து என் முன்னால் நின்று அழுத தபால்கார மாமாவின் மனைவி. அம்மா. நான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டீர்கள். மற்ற நான்கு பேர் வீட்டுக்கும் நீங்களே நடந்து போங்கள். மாமாவின் மனைவியிடம் முதலில். அவர் கதவைச் சாத்தினால் மறுநாளும் போங்கள். அந்தப் போலீஸ்காரர் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து, அன்றைக்கு எழுதியது தப்பு என்று எழுதிக் கொடுங்கள். அதற்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

எனக்குக் கடிதத்தில் சொன்னது கணக்கில் சேராது. ஜூன் பதினான்காம் தேதி வருகிறேன். எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, நடுவில் ஒரு ஜோக்கும் அடிக்காமல், முதலிலிருந்து சொல்லுங்கள். அதற்கப்புறம் நான் உங்களோடு பேசுவேனா, அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேனா என்று எனக்கே தெரியாது. உங்கள் வாயால் கேட்க வேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

மகள்